பதிவேட்டில் இடம்பெறாத பெண்: பாலக்காடு – இடுக்கி எல்லையில் கருத்தடைக் கல்வி கடந்துவந்த வழி

1935-ஆம் ஆண்டின் இறுதி நாட்களில் அனைத்திந்திய மகளிர் மாநாடு திருவனந்தபுரத்தில் கூடியது. தலைமை வகித்தவர் திருவிதாங்கூர் அரசகுடும்பத்தின் சேது பார்வதி பாயி. அமெரிக்காவிலிருந்து வந்திருந்த மார்கரெட் சாங்கர் அம்மாநாட்டில் கலந்துகொண்டார். அதே டிசம்பர் மாதத் தொடக்கத்தில்தான் அவர் வார்தாவில் காந்தியைச் சந்தித்துக் கருத்தடை குறித்து நெடுநேரம் வாதாடி, உடன்பாடு காணாமல் திரும்பியிருந்தார். வார்தாவில் கிடைக்காத ஆதரவு திருவனந்தபுரத்தில் கிடைத்தது. கத்தோலிக்கப் பெண்களின் எதிர்ப்பையும் கடந்து, கருத்தடையை ஆதரிக்கும் தீர்மானம் நிறைவேறியது.

இத்தீர்மானம் முதன்முறையானது அன்று. 1932-இல் லக்னோ மாநாட்டிலேயே, ஏற்பளிக்கப்பட்ட மருத்துவ நிலையங்களில் திருமணமான ஆண்களுக்கும் பெண்களுக்கும் கருத்தடை முறைகள் கற்பிக்கப்படவேண்டும் என்று இவ்வமைப்பு கோரியிருந்தது. 'திருமணமான' என்ற அடைமொழி அங்கே மிக இயல்பாக வந்து அமர்ந்துகொண்டது. அதை யாரும் விவாதிக்கவில்லை. 1927-இல் பெண்கல்விச் சீர்திருத்தத்திற்கென்றே தோன்றிய ஓர் அமைப்பு, பட்டதாரிகளும் கல்லூரி ஆசிரியைகளும் நிறைந்த ஓர் அவை, கருத்தடைக் கல்வி என்று வந்தபோது கல்லூரி மாணவியைத் தன் வாக்கியத்திற்கு வெளியே நிறுத்தியது. அவ்வடைமொழி அதன்பின் ஏறத்தாழ 90 ஆண்டுகள் நீடித்தது. மேற்குத் தொடர்ச்சி மலையின் தமிழ் – மலையாள எல்லையில் அதன் தடங்களைப் பின்தொடர்வது பயனுள்ளது. ஏனெனில் ஒரே மலைத்தொடரில் பல அரசுகளும் இரு மொழிகளும் உரசிக்கொண்ட இடம் அது.

அடைமொழியின் வேர் இன்னும் பழையது. சார்லஸ் நோல்ட்டன் என்னும் அமெரிக்க மருத்துவர் 1832-இல் வெளியிட்ட கருத்தடை நூலின் துணைத்தலைப்பே அதனை இளம் தம்பதியருக்கான அந்தரங்கத் துணை என்று அறிவித்தது. அந்நூலை மறுபதிப்புச் செய்ததற்காக 1877-இல் இலண்டன் நீதிமன்றத்தில் சார்லஸ் பிராட்லாவுடன் நின்றவர் அன்னி பெசன்ட். அதே ஆண்டில் அவர் தாமே மக்கள்தொகை பற்றி எழுதிய நூலை, பிரம்மஞான சபையில் சேர்ந்தபின் 1891-இல் திரும்பப் பெற்றுக்கொண்டார். பின்னாளில் அடையாற்றில் வாழ்ந்து சென்னையின் பொதுவாழ்வில் பெரும் இடம்பெற்ற அப்பெண்மணி, தாம் ஒருகாலத்தில் சிறைக்கும் அஞ்சாமல் பரப்பிய அறிவை இந்நாட்டிற்குக் கொண்டுவரவில்லை. சென்னைக்கு அது வேறு வழியில் வந்தது. 1880-களில் 'தத்துவவிவேசினி' நடத்திய நாத்திகக் குழுவினரிடையே மால்தூசின் கருத்துகள் பேசப்பட்டன. 1920-களின் இறுதியில் சென்னையில் நவ மால்தூசியச் சங்கம் உருவாயிற்று. உயர்நீதிமன்ற நீதிபதியாக இருந்த வேப்பா இராமேசம் போன்றோர் அதன் தூண்கள். உயர்சாதியைச் சேர்ந்த, ஆங்கிலம் கற்ற ஆண்கள், தம்மைப் போன்ற ஆண்களுக்கு ஆற்றிய சொற்பொழிவுகளே அச்சங்கத்தின் கல்விப்பணி எனலாம்.

இவர்களிடமிருந்து முற்றிலும் வேறான ஒரு குரல் ஈரோட்டிலிருந்து எழுந்தது. நாட்டின் வறுமை, தாயின் உடல்நலம், சொத்துப் பிரிவினை ஆகிய காரணங்களுக்காகப் பிறர் கருத்தடையை வேண்டுகின்றனர். பெண் விடுதலை பெற்றுச் சுயேச்சையாக வாழ்வதற்காகவே அது வேண்டும் என்பது பெரியார் 'குடி அரசு' இதழில் முன்வைத்த வாதம். 'பெண் ஏன் அடிமையானாள்?' நூலிலும் அக்கட்டுரை இடம்பெற்றது. 1936-இல் குடி அரசுப் பதிப்பகம் 'கர்ப்ப ஆட்சி' என்ற தனிநூலையும் வெளியிட்டது. 'தடை' என்பதை விட்டு 'ஆட்சி' என்ற சொல்லைத் தேர்ந்ததிலேயே ஓர் அரசியல் உண்டு. கணவனை மையத்தில் வைக்காத வாதம் அக்காலத்தில் இது ஒன்றுதான் என்று துணிந்து கூறலாம். ஆயினும் இந்த வாதம் எந்த மருத்துவ நிலையத்தின் விதியாகவும் ஆகவில்லை.

நடைமுறையில் அன்று கருத்தடை அறிவைப் பரப்பியது அரசும் அன்று, சங்கங்களும் அன்று, சந்தைதான். 1930-இல் மைசூர் அரசு தன் மருத்துவமனைகளில் கருத்தடை ஆலோசனைக்கு வழிசெய்ததை இந்தியாவின் முன்னோடி முயற்சி என்பர். சென்னை மாகாணத்திலோ பத்திரிகை விளம்பரமும் மருந்துக்கடையும் தபால் பொட்டலமுமே பெரும்பங்கு ஆற்றின என்பதை வரலாற்றாசிரியர் சாரா ஹாட்ஜஸ் விரிவாகக் காட்டியுள்ளார். முகம் காட்டாமல் கேட்கலாம், முகவரிக்கு வந்து சேரும், யாரும் 'உனக்குத் திருமணமாயிற்றா' என்று வினவமாட்டார்கள். இன்றைய இணையவழிக் கல்வியின் மூதாதையைத் தேடுவோர் மருத்துவமனைக்குப் போகவேண்டியதில்லை. அஞ்சலகத்திற்குப் போனால் போதும். அந்தத் தபாலுக்கும் இரு நிபந்தனைகள் இருந்தன: வாங்குபவருக்கு எழுத்தறிவு வேண்டும், கையில் காசு வேண்டும்.

அவ்விரண்டும் இல்லாத பெண்கள் மலைமேல் இருந்தனர். 1877-இல் பூஞ்ஞாறு மன்னரிடமிருந்து ஜான் டேனியல் மன்றோ பெற்ற கண்ணன் தேவன் மலைகளில் தேயிலை வேரூன்றியபோது, திருநெல்வேலி, மதுரைப் பகுதிகளிலிருந்து கங்காணிகள் வழியே தமிழ்க் குடும்பங்கள் போடி மலைப்பாதையில் ஏறின. தேவிகுளமும் பீருமேடும் திருவிதாங்கூருக்கு உரியவை. நெல்லியாம்பதி மலை கொச்சி அரசுக்கு உரியது. பாலக்காடோ சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தைச் சேர்ந்தது. 1956 நவம்பர் 1-இல் இவை யாவும் கேரளமாயின. தேவிகுளம், பீருமேடு தமிழகத்தோடு சேரவேண்டும் என்ற போராட்டம் தோற்றது. அதன் அரசியல் வரலாறு நிறையவே எழுதப்பட்டுவிட்டது. சுகாதாரக் கல்விக்கு நேர்ந்தது குறைவாகவே பேசப்படுகிறது: தமிழில் சிந்தித்துத் தமிழில் நோயைச் சொல்லும் பெண்களுக்கு அரசு மருத்துவத்தின் மொழி மலையாளமாயிற்று. உடலைப் பற்றிய சொற்கள் மொழிபெயர்ப்பில் முதலில் தொலைபவை. வலியைச் சைகையால் காட்டிவிடலாம். மாதவிலக்கு எத்தனை நாள் தள்ளியிருக்கிறது என்பதைச் சைகையால் சொல்லமுடியாது.

தோட்டப் பெண்ணுக்குக் கருத்தடைக் கல்வி வந்த வழி கணக்குப் புத்தகத்தின் வழி. 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் மருத்துவமனை, பிள்ளைக் காப்பகம், பேறுகால உதவி ஆகியவற்றை முதலாளியின் கடமையாக்கியது. பிறக்கும் ஒவ்வொரு குழந்தையும் நிறுவனத்துக்குச் செலவு என்றானது. 1971-இல் தென்னிந்தியத் தோட்ட முதலாளிகள் சங்கமான 'உபாசி', நீலகிரியின் சில தேயிலைத் தோட்டங்களில் ஒரு திட்டத்தைத் தொடங்கிற்று. பொருளியலறிஞர் ரொனால்ட் ரிட்கரின் யோசனையின் அடிப்படையில், சங்கத்தின் மருத்துவ ஆலோசகர் வி. ஐ. சாக்கோ அதனை நடத்தினார். கருவுறாத ஒவ்வொரு மாதத்திற்கும் பெண்தொழிலாளியின் பெயரில் 5 ரூபாய் சேமிப்பில் வரவு வைக்கப்படும். பிள்ளைப்பேற்று வயது முடிந்தபின் கைக்கு வரும். அளவுக்கு மேல் குழந்தை பெற்றால் சேர்ந்ததில் ஒரு பகுதி கழிக்கப்படும். மக்கள்தொகை ஆய்வுலகம் இதனை வியந்து பேசியது. வியப்பதற்கு இடமுண்டு, பெண்ணின் பெயரிலேயே கணக்கு என்பது அன்று சிறிய செய்தி அன்று. ஆனால் கருப்பை மாதாமாதம் தணிக்கை செய்யப்படும் ஒரு பேரேடாயிற்று என்பதும் உண்மை. அத்துடன் வந்த நல்வாழ்வுத் திட்டத்தில், தொழிலாளரிடையே இருந்தே தெரிந்தெடுக்கப்பட்ட இணைப்புப் பணியாளர்கள் லயத்திற்கு லயம் சென்று பேசினர். பக்கத்து வீட்டுப் பெண், தன் மொழியில், தன் அனுபவத்தோடு பேசியதுதான் அத்திட்டத்தில் 'கல்வி' என்னும் சொல்லுக்குத் தகுதியான பகுதி. 5 ரூபாயை நினைவுகூரும் ஆய்வுகள் இவளை அடிக்குறிப்பில் வைத்துவிடுகின்றன.

அதே ஆண்டு ஜூலையில் மலையடிவாரத்தில் வேறொரு காட்சி. எர்ணாகுளம் மாவட்ட ஆட்சியர் எஸ். கிருஷ்ணகுமார் நடத்திய பெருமுகாமில் 63,418 பேருக்குக் கருத்தடை அறுவை செய்யப்பட்டது, மிகப்பெரும்பாலோர் ஆண்கள். முந்தைய ஆண்டின் இறுதியில் நடந்த முதல் முகாமின் எண்ணிக்கை 15,005. இடுக்கி மாவட்டம் 1972 ஜனவரி 26-இல்தான் பிறந்தது. இன்று அதன் பகுதியான தொடுபுழா அப்போது எர்ணாகுளம் மாவட்டத் தாலுகா. பணமும் பரிசுப்பொருள்களும் திருவிழாக் கோலமும் நிறைந்த அம்முகாம்கள் நாடெங்கும் முன்மாதிரியாகக் காட்டப்பட்டன. நெருக்கடி நிலைக் காலத்தின் கட்டாய அறுவைகளுக்குப் பின் ஆண்கள் ஒட்டுமொத்தமாக ஒதுங்கிக்கொண்டனர். ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019–21) இந்தியாவில் பெண் கருத்தடை அறுவை 37.9 விழுக்காடு, ஆண் அறுவை 0.3 விழுக்காடு. எண்ணிக்கையை இலக்காக வைத்து நடக்கும் கல்வி எண்ணிக்கையோடு முடிந்துவிடுகிறது. 63,418 பேரில் எத்தனை பேர் தம் உடலில் செய்யப்பட்டதை விளங்கிக்கொண்டனர் என்பதற்கு எந்தப் பட்டியலிலும் பத்தி இல்லை.

'நாம் இருவர், நமக்கு இருவர்' என்ற முழக்கமும் சிவப்பு முக்கோணமும் அக்காலத்தின் பாடப்புத்தகங்கள். 'நாம்' என்பது தம்பதியர். நிர்வாகத்தில் அதற்குத் தனிப் பதிவேடே உண்டு: தகுதியுள்ள தம்பதியர் பதிவேடு. துணைச் செவிலியர் தம் பகுதியில் மகப்பேற்று வயதிலுள்ள மனைவியர் உள்ள குடும்பங்களை அதில் எழுதவேண்டும். மாத்திரையும் ஆணுறையும் காப்பர்-டியும் அதன்படி வழங்கப்படும். 16 வயதில் மணமானவள் அதில் இருப்பாள். 22 வயதில் முதுகலை பயிலும் மணமாகாதவள் இருக்கமாட்டாள். லக்னோ தீர்மானத்தின் அடைமொழி இவ்வாறு அரசின் கோடுபோட்ட தாளில் ஒரு பத்தியாயிற்று. 1968-இல் அறிமுகமான 'நிரோத்', தேயிலையும் சோப்பும் விற்ற பெருநிறுவனங்களின் விநியோக வலை வழியே பெட்டிக்கடைகளை எட்டியது. மறுஆண்டு திருவனந்தபுரத்தின் பேரூர்க்கடையில் இந்துஸ்தான் லேடெக்ஸ் ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. தேயிலைப் பொட்டலத்தோடு ஆணுறையும் மலையேறிற்று. அதைக் கடையில் கேட்டு வாங்கும் துணிவு ஆணுக்கு இருந்தது. மாணவிக்கு யார் தந்தார்கள்?

கல்வி இல்லாமல் பொருள் மட்டும் சென்றால் என்ன ஆகும் என்பதற்கு இடுக்கி மலைகளின் முதுவர் குடிகளே சான்று. மதுரையிலிருந்து புறப்பட்டு வந்ததாகத் தம் தொன்மத்தில் கூறிக்கொள்ளும் இம்மக்கள் தமிழோடு நெருங்கிய பேச்சுவழக்கு உடையவர்கள். 2010-இல் கேரளத்தின் முதல் பழங்குடி ஊராட்சியாக உருவான இடமலக்குடி இவர்களுடையது. மாதவிலக்கு நாட்களில் பெண்கள் ஒதுக்குக் குடிலில் தங்கவேண்டும் என்பது மரபு. தூய்மையின்மையைக் குறிக்கும் 'வாலாமை' என்னும் பழந்தமிழ்ச் சொல்லின் சாயல் அக்குடிலின் பெயரில் இன்றும் கேட்கிறது. அங்கே தங்குவதைத் தவிர்க்கும்பொருட்டுப் பெண்கள் 'மாலா-டி' மாத்திரையைத் தொடர்ந்து உட்கொள்வது பலமுறை செய்தியாகியுள்ளது.

இதன் இயக்கம் எளியது. மாலா-டி அட்டையில் 28 மாத்திரைகள்: 21 இயக்குநீர் மாத்திரைகள், 7 இரும்புச்சத்து மாத்திரைகள். இரும்பு மாத்திரை உண்ணும் வாரத்தில் இயக்குநீர் நின்றுபோவதால் உதிரப்போக்கு ஏற்படும். அவ்வேழையும் விட்டுவிட்டு அடுத்த அட்டையைத் தொடங்கினால் உதிரப்போக்கு வராது. பள்ளிப்பாடம் எதுவும் சொல்லித்தராத இந்த மருந்தியல் உண்மையை அப்பெண்கள் தாமே கண்டறிந்தோ ஒருவர்க்கொருவர் சொல்லியோ தெரிந்துகொண்டனர் என்பதை மறந்துவிடலாகாது. செய்திகள் இதனை அறியாமை என்றன. குலமே அழிந்துவிடும், மலட்டுத்தன்மை வரும் என்று அஞ்சின. மாத்திரை நிலையான மலட்டுத்தன்மையைத் தருவதில்லை. நிறுத்தியபின் கருவுறும் ஆற்றல் மீள்கிறது. இடைவெளியின்றி உண்பதும் மருத்துவத்தில் அறியப்பட்ட முறையே. அபாயம் வேறிடத்தில் உள்ளது: உயர் இரத்த அழுத்தம், இரத்தக்கட்டு வரலாறு, ஒருவகை ஒற்றைத்தலைவலி உள்ளவர்களும், பிள்ளைபெற்ற தொடக்க மாதங்களில் பாலூட்டும் தாய்மாரும் இவ்வகை மாத்திரையைத் தவிர்க்கவேண்டும். ஒருமுறை இரத்த அழுத்தம் பார்த்து, ஐந்து கேள்வி கேட்டிருந்தால் பெரும்பாலான அபாயம் விலகியிருக்கும். மாத்திரையைக் கட்டுப்படுத்துவது பற்றி உரக்கப் பேசியவர்கள், அக்குடிலைப் பற்றியும் அந்த ஐந்து கேள்விகளைப் பற்றியும் மெல்லவே பேசினர்.

மாணவிக்கு வருவோம். 1969 ஆகஸ்டில் பம்பாயில் நடந்த தேசியக் கருத்தரங்கிற்குப்பின் 'மக்கள்தொகைக் கல்வி' பாடத்திட்டத்தில் நுழைந்தது. 1980-இல் அதற்கெனத் தேசியத் திட்டமே தோன்றியது. நாட்டின் மக்கள்தொகை எவ்வளவு, உணவு உற்பத்தி எவ்வளவு, தனிநபர் வருமானம் எவ்வளவு என்பதை மாணவி மனப்பாடம் செய்தாள். அம்மக்கள்தொகை எவ்வாறு உண்டாகிறது என்பது மட்டும் பாடத்தில் இல்லை. 2005-இல் வளரிளம் பருவக் கல்வித் திட்டம் அந்த இடைவெளியை ஓரளவு நிரப்ப முயன்றபோது, 2007-இல் மகாராஷ்டிரம், கர்நாடகம், மத்தியப் பிரதேசம் முதலிய மாநிலங்கள் பண்பாட்டின் பெயரால் அதனைத் தடுத்தன. 2014-இல் வந்த தேசிய வளரிளம் பருவ நலத்திட்டம் 10 முதல் 19 வயது வரையிலானோரை, மணமானவர் மணமாகாதவர் என்று பிரிக்காமல் எடுத்துக்கொண்டது. நல்ல மாற்றம். ஆனால் கல்லூரியின் இரண்டாம் ஆண்டிலேயே மாணவி 19-ஐக் கடந்துவிடுகிறாள். அதன்பின் அவள் வளரிளம் பருவத்தினளும் அல்லள், தகுதியுள்ள தம்பதியரில் ஒருத்தியும் அல்லள்.

2020-இல் பெருந்தொற்று வகுப்பறைகளை மூடியது. அவ்வாண்டு மார்ச் 25-இல் தொலைமருத்துவ வழிகாட்டு நெறிகள் வெளியாயின. மருத்துவரை அலைபேசி வழியே கலந்தாலோசிப்பது முறைப்படுத்தப்பட்டது. நலக்கல்வியும் திரைக்கு மாறியது. மாணவிகளுக்கு இணையவழிக் கருத்தடைக் கல்வி என்ற எண்ணம் வலுப்பெற்றதும் இச்சூழலில்தான். 1930-களின் தபால் பொட்டலத்தைப் போலவே இதுவும் முகம் காட்டாமல் கேட்க வழிசெய்கிறது, திருமணத்தை வினவுவதில்லை. அதே பழைய நிபந்தனைகளும் வேறு உருவில் திரும்பிவந்தன. மூணாற்றுத் தோட்டங்களின் மாணவர்கள் அலைவரிசை தேடிச் சாலையோரங்களில் அமர்ந்து படித்த ஆண்டு அது. இரு அறை கொண்ட லயத்து வீட்டில், குடும்பம் முழுதுக்கும் ஒரே அலைபேசி, அதுவும் தந்தையுடையதோ அண்ணனுடையதோ என்றால், கருத்தடை பற்றிய காணொளியை மாணவி எங்கே கேட்பாள்? சாலையோரத்தில், தோழியர் சூழவா? 2015 செப்டம்பரில் 'பொம்பிளை ஒருமை'யாகத் திரண்டு மூணாற்றை முற்றுகையிட்ட தோட்டப் பெண்களின் மகள்கள் இவர்கள். துணிவில் குறைந்தவர்கள் அல்லர். இல்லாதது தனிமை.

மொழிச் சிக்கலும் தீரவில்லை. மலையாளத்தில் நலத்துறையின் தரமான பொருள் கிடைக்கிறது. மூணாற்றிலோ சித்தூர்த் தாலுகாவிலோ தமிழ்வழிப் பயின்ற மாணவி தமிழில் தேடும்போது பப்பாளி, எள், அன்னாசி பற்றிய காணொளிகளே முன்வந்து நிற்கின்றன. தமிழகத்தின் நலத்துறைப் பொருள்கள் அவளுடைய மாநிலத்து மருத்துவமனையைச் சுட்டுவதில்லை. கேரளத்தின் பொருள்கள் அவளுடைய மொழியில் இல்லை. தொழில்நுட்பம் எல்லையை அழித்துவிட்டது என்போர் இதனை எண்ணிப்பார்க்கவேண்டும்.

சட்டம் ஒருவழியாக அடைமொழியைக் கைவிட்டது. 1971-ஆம் ஆண்டுக் கருக்கலைப்புச் சட்டம், கருத்தடை சாதனம் தவறிப்போனதைக் காரணமாகக் கூறும் உரிமையைத் 'திருமணமான பெண் அல்லது அவள் கணவன்' என்ற சொற்களால் வரையறுத்திருந்தது. 2021-ஆம் ஆண்டுத் திருத்தம் அச்சொற்களை நீக்கி, எந்தப் பெண்ணும் அவள் துணைவரும் என்று மாற்றியது. 2022 செப்டம்பர் 29-இல் உச்ச நீதிமன்றம், மணமாகாதவர் என்பதால் ஒரு பெண்ணுக்கு 24 வாரம் வரையிலான கருக்கலைப்பு வாய்ப்பை மறுத்தல் சமத்துவ உரிமைக்கு மாறானது எனத் தீர்ப்பளித்தது. கருக்கலைப்பில் கிடைத்த இவ்வேற்பு, அதற்கு முந்தைய படியான கருத்தடைக் கல்வியில் இன்னும் முழுதாக வந்துசேரவில்லை என்பது விந்தை. விளைவுக்கு உரிமை உண்டு. தடுப்பதற்கான பாடம் இல்லை.

பாலக்காட்டுக்கும் கோயம்புத்தூருக்கும் இடையே, வாளையாறு வழியாக, ஏறத்தாழ ஒன்றரை மணி நேரப் பேருந்துப் பயணம். இரு பக்கத்துக் கல்லூரிகளுக்கும் மாணவிகள் நாள்தோறும் அவ்வழியே செல்கின்றனர். பாதுகாப்பற்ற உறவுக்குப்பின் 72 மணி நேரத்திற்குள் உட்கொள்ளவேண்டிய அவசர கருத்தடை மாத்திரை 2005 முதல் இந்தியாவில் மருத்துவர் சீட்டின்றிக் கிடைக்கத்தக்கது. பாலக்காட்டு மருந்துக்கடையில் அதைக் கேட்டு வாங்கலாம். வாளையாற்றைத் தாண்டியபின், எழுத்துவடிவில் தடை ஏதும் இல்லாமலே, தமிழகத்தின் பெரும்பாலான கடைகளில் அது நெடுங்காலமாக இருப்பில் வைக்கப்படுவதில்லை. காப்பர்-டியை ஐந்து நாட்களுக்குள் பொருத்திக்கொள்வதும் அதே பயனைத் தரும் என்பதை அவளுக்குச் சொல்லும் பலகை அந்தச் சாலையில் எந்தப் பக்கத்திலும் இல்லை. மாணவி கோவையில் விடுதியில் இருக்கிறாள் என்றால், 72 மணி நேரக் கணக்கில் பாலக்காட்டுப் பேருந்துக்கான நேரத்தையும் சேர்த்துக்கொள்ளவேண்டும்.